கணக்கு முதலில், கோரிக்கை பிறகு: போர்ட்டோ அலெக்ரே மாநகராட்சியின் ஆண்டுக் கூட்டங்கள்

உள்ளாட்சி மன்றம் ஒன்று ஆண்டு முடிவில் தன் பணிகளைத் தொகுத்துப் படிப்பது எல்லா நாடுகளிலும் நடக்கும் காரியம். மக்கள் குறைகளைச் சொல்ல ஒரு நாள் ஒதுக்கப்படுவதும் அப்படியே. பெரும்பாலான இடங்களில் இவை இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. படிக்கப்படும் சாதனைப் பட்டியலில் சென்ற ஆண்டு நாம் கேட்டது இருக்கிறதா என்று பார்க்கக் குடியிருப்பவரிடம் எந்த ஆவணமும் இருப்பதில்லை. பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லின் தலைநகரம் போர்ட்டோ அலெக்ரே 1989 முதல் இந்த இடைவெளியை மூட முயன்றது. பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் என்ற பெயரில் உலகம் அறிந்த அந்த முயற்சியைப் பற்றிப் பேசுவோர், மக்கள் கூடி வாக்களித்து வேலைகளைத் தேர்ந்தெடுத்ததையே பெரிதும் எடுத்துச் சொல்வார்கள். வாக்களிப்புக்கு முன்பாக, முந்தைய ஆண்டின் கணக்கை நிர்வாகம் மக்கள் முன் ஒப்புவித்ததே அந்த முறையின் முதுகெலும்பு என்றும், அந்தப் பகுதி தளர்ந்தபோது மீதியும் சேர்ந்தே தளர்ந்தது என்றும் காட்டுவது இந்த ஆய்வின் நோக்கம்.

பின்னணி

குவாய்பா நீர்ப்பரப்பின் கரையில் அமைந்த இந்நகரத்தில் 1990-களில் சுமார் 13 லட்சம் பேர் வசித்தார்கள். பிரேசிலின் பிற பெருநகரங்களோடு ஒப்பிட்டால் இது வசதியான ஊர்தான். ஆயினும் குன்றுச் சரிவுகளிலும் நகர விளிம்பிலும் பட்டா இல்லாத நிலத்தில் குடியேறியவர்களின் பகுதிகள் பரந்து கிடந்தன. அங்கே கழிவுநீர்க் குழாயும் தார்ச்சாலையும் தெருவிளக்கும் எட்டிப் பார்க்கவில்லை. 1964 முதல் 1985 வரை நீடித்த இராணுவ ஆட்சிக் காலத்தில் மாநிலத் தலைநகரங்களின் மேயர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஆட்சி தளர்ந்துவந்த 1983-இல் குடியிருப்போர் சங்கங்கள் நகர அளவில் ஓர் ஒன்றியமாக இணைந்தன. தெருவுக்கு ஒரு குழாய், பகுதிக்கு ஒரு பள்ளி என்று தனித்தனியாக மனுக் கொடுத்துவந்த சங்கங்கள், 1986 அளவில் மாநகராட்சியின் வரவு செலவைத் தீர்மானிப்பதிலேயே தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. பின்னாளில் புகழ் முழுவதும் ஆட்சிக்கு வந்த கட்சிக்கே போய்ச் சேர்ந்தாலும், கேள்வி முதலில் எழுந்தது சங்கங்களிடமிருந்துதான் என்பதைப் பதிவுசெய்வது நியாயம்.

1988-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் நகராட்சிகளுக்குத் தன்னாட்சியையும் வரி வருவாயில் கூடுதல் பங்கையும் அளித்தது. அதே ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ டுட்ரா மேயராக வென்றார். வங்கி ஊழியர் சங்கத்தை வழிநடத்திய அவர் 1989 ஜனவரியில் பொறுப்பேற்றபோது, நகரத்தை மக்களோடு சேர்ந்து நிர்வகிப்போம் என்ற வாக்குறுதி இருந்தது. எப்படி என்ற வரைபடம் கையில் இல்லை.

பணமில்லாத கூட்டங்கள்

முதல் ஆண்டு கசப்பாகவே முடிந்தது. பொறுப்பேற்றவர்கள் கணக்கைத் திறந்து பார்த்தபோது வருவாயில் 95 சதவீதத்துக்கும் மேல் ஊழியர் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. புதிய வேலைகளுக்கு எஞ்சியது சுமார் 3 சதவீதம். நாட்டின் பணவீக்கமோ அந்த ஆண்டு ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இந்த நிலையில் பகுதி பகுதியாகக் கூட்டம் போட்டு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதால், பல்லாண்டுக் காலம் அடக்கிவைக்கப்பட்டிருந்த கோரிக்கைகள் மடை திறந்தாற்போல் வந்து குவிந்தன. அவற்றில் மிகச் சிலவே நிறைவேறின. அடுத்த ஆண்டு சில வட்டாரங்களில் கூட்டத்துக்கு வருவோர் குறைந்தார்கள். கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் எதையும் செய்யாமல் திரும்பி வருபவர்களை இரண்டாம் முறை யார் நம்புவார்கள்?

நிர்வாகம் இந்த இடத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, வருவாய்ச் சீர்திருத்தம். மதிப்பு உயர்ந்த சொத்துகளுக்கு உயர்ந்த விகிதம் என்ற அடிப்படையில் சொத்துவரி மாற்றியமைக்கப்பட்டது. சேவைக் கட்டணங்கள் பணவீக்கத்தோடு பொருத்தப்பட்டன. நிலுவை வசூல் கடுமையாக்கப்பட்டது. 1990-க்கும் 1992-க்கும் இடையில் மொத்த வருவாயில் சொத்துவரியின் பங்கு இரு மடங்கைத் தாண்டியது. புதிய வேலைகளுக்கான பங்கு 1990-இல் சுமார் 10 சதவீதமாகவும், 1991-இல் சுமார் 16 சதவீதமாகவும் உயர்ந்தது. பங்கேற்பைப் பற்றிய உரைகளில் இந்த வரிச் சீர்திருத்தம் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. ஆனால் அது நடந்திராவிட்டால் 1991-க்குப் பின் ஒப்புவிக்கக் கணக்கென்றே ஒன்று இருந்திருக்காது. இரண்டாவது, கூட்டங்களின் வரிசை மாற்றப்பட்டது. கோரிக்கை கேட்பதோடு தொடங்காமல், முந்தைய ஆண்டுக்கு ஒப்புக்கொண்டவை என்ன ஆயின என்று சொல்வதோடு ஆண்டுச் சுற்று தொடங்க வேண்டும் என்பது சில ஆண்டுகளில் நிலைத்த வழக்கமாயிற்று.

ஆண்டுச் சுற்றின் அமைப்பு

நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. மாநகராட்சியின் பழைய நிர்வாகப் பிரிவுகளைப் பயன்படுத்தாமல், சங்கங்களோடு பேசி, மக்கள் தங்கள் பகுதி என்று உணர்ந்த எல்லைகளைக் கொண்டே இந்தப் பிரிவினை செய்யப்பட்டது. ரெஸ்டிங்கா, பார்ட்டெனான், க்ரூசெய்ரோ, லோம்பா டோ பின்யெய்ரோ ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொரு வட்டாரத்திலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் சுற்றுப் பொதுக்கூட்டம் நடக்கும். அங்கே மேயரும் துறைத் தலைவர்களும் மேடையேறி, சென்ற ஆண்டின் முதலீட்டுத் திட்டத்தில் அந்த வட்டாரத்துக்கு என்னென்ன ஒதுக்கப்பட்டன, எவை முடிந்தன, எவை முடியவில்லை என்று கணக்குச் சொல்ல வேண்டும். அதே கூட்டத்தில், வந்திருப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். பிறகு சில வாரங்களுக்குத் தெருத் தெருவாகச் சிறு கூட்டங்கள் நடந்து கோரிக்கைகள் தொகுக்கப்படும். ஜூன் அளவில் நடக்கும் இரண்டாம் சுற்றில் வட்டாரத்தின் முன்னுரிமைகள் முடிவாகும். வட்டாரத்துக்கு இரண்டு பேர் வரவு செலவு மன்றத்துக்கு அனுப்பப்படுவார்கள். 1994 முதல் போக்குவரத்து, கல்வி, நலவாழ்வு முதலிய பொருள்வாரிக் கூட்டங்களும் சேர்க்கப்பட்டன.

வரவு செலவு மன்றம் வாரந்தோறும் கூடியது. உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை, பதவிக்காலம் ஓராண்டு, மறுமுறை ஒரே தடவைதான் தேர்ந்தெடுக்கப்படலாம், தங்களை அனுப்பிய பிரதிநிதிகள் விரும்பினால் இடையிலேயே திரும்ப அழைக்கப்படலாம். இந்த மன்றம் வகுத்த திட்டம் செப்டம்பர் இறுதிக்குள் நகர மாமன்றத்துக்குப் போகும். சட்டப்படி அதை நிறைவேற்றும் அதிகாரம் அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட 33 மாமன்ற உறுப்பினர்களுக்கே இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடி முடிவுசெய்த பட்டியலில் கைவைக்க அவர்களில் பலர் தயங்கினார்கள். என் பகுதிக்கு நான் கொண்டுவந்த சாலை என்று சொல்லி வாக்குக் கேட்கும் வாய்ப்பு போய்விட்டதில் சிலருக்கு மனத்தாங்கலும் இருந்தது. அந்த மனத்தாங்கலை முழுவதும் தன்னலம் என்று தள்ளிவிடவும் முடியாது. மக்கள் வாக்கால் வந்த அவைக்கும் மக்கள் நேரில் கூடிய அவைக்கும் இடையிலான உரிமை எல்லை அங்கே கடைசிவரை தெளிவாக வரையப்படவில்லை. பின்னர் அந்தத் தெளிவின்மைக்கு நகரம் விலை கொடுக்க நேர்ந்தது.

கையில் ஒரு புத்தகம்

முதல் சுற்றுக் கூட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். பள்ளி உடற்பயிற்சிக் கூடம், தேவாலய மண்டபம், விளையாட்டு மன்றம் போன்ற இடங்களில் மாலை வேளையில், வேலை முடிந்து மக்கள் வரத்தக்க நேரத்தில் அது நடந்தது. வாசலில் பெயரும் பகுதியும் பதிவாகும். அந்தப் பதிவுதான் எத்தனை பிரதிநிதிகள் என்பதைத் தீர்மானிக்கும் என்பதால், ஒவ்வொரு பகுதியும் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தது. முதலீட்டுத் திட்டம் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு வழங்கப்பட்டது. அதில் வட்டாரம் வட்டாரமாக, எந்தத் தெருவில் என்ன வேலை, எந்தத் துறை பொறுப்பு என்று எழுதியிருக்கும். நிர்வாகம் மேடையில் என்ன பேசினாலும், கீழே அமர்ந்திருப்பவர் தன் தெருவின் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்க முடிந்தது.

பேச விரும்புவோர் பெயர் கொடுத்து, ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள். இறுதியில் மேயர் பதில் சொல்வார். வேலை முடியாததற்கு அவர் சொல்லக்கூடிய காரணங்கள் பல இருந்தன: ஒப்பந்தப்புள்ளி தாமதமாகியிருக்கலாம், நிலத்தின் உரிமை வழக்கில் இருக்கலாம், சரிவு அதிகமாக இருப்பதால் குழாய் பதிக்க முடியாது என்று பொறியாளர் எழுதியிருக்கலாம். கடைசியாகச் சொன்ன வகைக் காரணத்தை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. தொழில்நுட்ப விதி என்று சொல்லி ஒதுக்கப்பட்ட வேலைகளைப் பற்றி ஆண்டுதோறும் வாதம் நடந்து, அந்த விதிகளையே வரவு செலவு மன்றம் விவாதித்துத் திருத்தும் நிலை வந்தது. இதை நான் மிகப் பெரிய விளைவாகக் கருதுகிறேன். அதிகாரிக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒரு விதி, குடியிருப்பவர் கேள்வி கேட்கக்கூடிய விதியாக மாறுவதற்கு, முடியாத வேலைக்குக் காரணம் கூறியாக வேண்டிய ஒரு மேடை தேவைப்பட்டது.

பங்கீட்டு முறையும் இப்படியே வெளிச்சத்தில் வைக்கப்பட்டது. ஒரு வட்டாரம் ஒரு வேலைக்குக் கொடுத்த முன்னுரிமை, அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது, மக்கள்தொகை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் விகிதத்தில் பணம் பிரிக்கப்பட்டது. நகரின் தென்முனை வட்டாரத்தில் 1990-களின் நடுவில் ஐந்தில் நான்கு பங்குச் சாலைகள் தார் காணாதவை. மைய வட்டாரத்திலோ தார் போடாத சாலை ஒரு சதவீதம்கூட இல்லை. மக்கள்தொகையில் மையம் பல மடங்கு பெரியது என்றாலும், இல்லாமைக்கு அளித்த எடை மக்கள்தொகைக்கு அளித்த எடையைவிடக் கூடுதல் என்பதால் சாலைப் பணம் தென்முனைக்குச் சென்றது. தனக்கு ஏன் குறைவாக வந்தது என்று கேட்ட வட்டாரத்துக்கு, யாருடைய தயவையும் காட்டாமல் ஒரு கூட்டல் கணக்கைக் காட்ட முடிந்தது.

விளைந்தவை

1989-க்கும் 1996-க்கும் இடையில் குடிநீர் இணைப்புள்ள வீடுகள் 80 சதவீதத்திலிருந்து 98 சதவீதமாக உயர்ந்தன. கழிவுநீர் வடிகாலின் பயனைப் பெற்றோர் 46 சதவீதத்திலிருந்து 85 சதவீதமாயினர். ஏழைப் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலை தார் போடப்பட்டது. மாநகராட்சிப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை இரு மடங்கானது. கூட்டத்துக்கு வருவோர் எண்ணிக்கை 1992-இல் ஏழாயிரத்தைத் தாண்டி, 2002-இல் பதினேழாயிரத்தை எட்டியது. வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே பெரும்பான்மை. 1996-இல் இஸ்தான்புல் நகரில் நடந்த ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு மாநாடு இந்த முறையைச் சிறந்த நகர நிர்வாக நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றது. தொழிலாளர் கட்சி அடுத்தடுத்து நான்கு மேயர் தேர்தல்களில் வென்றது.

இந்த எண்களை முழுவதும் கூட்டங்களின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நகரின் குடிநீர் வாரியம் முன்பிருந்தே திறமையான, தனக்கென வருவாயுள்ள நிறுவனம். 1988 அரசமைப்பு தந்த நிதிப் பங்கும் உதவியது. ஆனால் குழாய் எந்தக் குன்றுக்கு முதலில் ஏறும் என்பதைக் கூட்டங்களே மாற்றின என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கேட்கப்படாத கேள்விகள்

முறையின் பலமே அதன் குறையாகவும் அமைந்தது. கணக்கு ஒப்புவிப்பு முழுவதும் புதிய வேலைகளைச் சுற்றியே நடந்தது. மொத்த வரவு செலவில் புதிய முதலீடு ஒரு சிறு பகுதி. சம்பளம், பராமரிப்பு, கடன் ஆகிய பெரும்பகுதி புத்தகத்தில் வரி வரியாக வராது. புதிதாகப் போட்ட சாலைக்குத் திட்டத்தில் ஒரு வரி உண்டு. பத்தாண்டுக்கு முன் போட்ட வடிகாலைத் தூர்வாரியதற்கோ, தூர்வாராததற்கோ வரி இல்லை. ஆகவே அதைப் பற்றி யாரும் விரல் வைத்துக் கேட்கவும் இல்லை. நகரம் முழுவதையும் தழுவிய நீண்டகாலத் திட்டங்களும், எந்த வட்டாரத்துக்கும் தனியாகச் சொந்தமில்லாத கட்டமைப்புகளும் இந்தக் கூட்டங்களில் இயல்பாகவே பின்னுக்குப் போயின. பொருள்வாரிக் கூட்டங்கள் இதைச் சரிசெய்யத்தான் தொடங்கப்பட்டன. வட்டாரக் கூட்டங்களின் வேகம் அவற்றுக்கு வரவில்லை. மிக வறியவர்களும் இளைஞரும் பங்கேற்றது குறைவு என்பதும் உண்மை. நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் மூன்று மணி நேரம் உட்காரப் பலரால் இயலாது.

தளர்வு

2002-இல் ஆண்டுச் சுற்று சுருக்கப்பட்டது. இரண்டு சுற்றுகளும் ஒன்றாக்கப்பட்டு, கணக்கு ஒப்புவிப்பு அதற்கு முந்திய ஆயத்தக் கூட்டங்களுக்கு மாற்றப்பட்டது. கூட்டங்களின் எண்ணிக்கையால் மக்கள் சோர்ந்துபோயிருந்தார்கள் என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். அது பொய்யான நியாயம் அன்று. எனினும், பெருங்கூட்டத்தின் முன் மேயரே நின்று பதில் சொன்ன நிகழ்ச்சி, பழகிய பிரதிநிதிகள் கூடும் சிறிய கூட்டத்தின் நிகழ்ச்சியாகச் சுருங்கியது. அதே ஆண்டுகளில் நகரின் நிதிநிலை மோசமாகி, ஒப்புக்கொண்ட வேலைகள் முடியாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படத் தொடங்கின. நிலுவை சேரும்போதுதான் கணக்கு ஒப்புவிப்பு மிகவும் தேவைப்படுகிறது. அது சிறிய அறைக்குள் நகர்ந்த காலமும் நிலுவை பெருகிய காலமும் ஒன்றாயிருந்தது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. புதிய மேயர் ஜோசே ஃபொகாசா பங்கேற்பு முறையை நிறுத்தவில்லை. தேர்தலின்போதே அதைத் தொடர்வதாக வாக்களித்திருந்தார், வாக்கை மீறவும் இல்லை. தனியார், தொண்டு அமைப்புகள், அரசு ஆகியோரை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வேறொரு திட்டத்தை அதற்குப் பக்கத்தில் தொடங்கினார். கூட்டங்கள் நடந்தன, மக்கள் வந்தார்கள், வாக்களித்தார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் நிறைவேறிய பங்கு குறைந்துகொண்டே போனது. முந்தைய பல ஆண்டுகளின் நிறைவேறாத கோரிக்கைகள் ஒரு தனிப் பட்டியலாக வளர்ந்து, அந்தப் பட்டியலை எப்படித் தீர்ப்பது என்பதே கூட்டங்களின் முக்கியப் பொருளாகிவிட்டது. சென்ற ஆண்டு கேட்டது வரவில்லை என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதற்கு முந்தைய ஆண்டு கேட்டதே இன்னும் வரவில்லை என்பதுதான் பதிலாகக் கிடைக்கும் நிலையில், அந்தக் கூட்டத்துக்கு 1990-இல் இருந்த அதே நோய் திரும்பியிருந்தது. அன்று வரிச் சீர்திருத்தம் மருந்தாயிற்று. இம்முறை அப்படியொன்று வரவில்லை.

2017-இல் மேயர் நெல்சன் மார்ச்செசான் ஜூனியரின் நிர்வாகம், நிதி இல்லை, பழைய கோரிக்கைகளே தேங்கியிருக்கின்றன என்று கூறிப் புதிய கோரிக்கைகளைப் பெறும் சுற்றை நிறுத்திவைத்தது. அதை எதிர்க்க மக்களிடம் உறுதியான சட்டப் பிடி இல்லை. இந்த முறையின் விதிகள் எப்போதும் ஒரு தனி நகரச் சட்டத்தின்மேல் நிற்கவில்லை. வரவு செலவு மன்றம் தானே எழுதி ஆண்டுதோறும் திருத்திக்கொண்ட உள்விதிகளாகவே அவை இருந்தன. சட்டமாக்க வேண்டும் என்ற பேச்சு 1990-களிலேயே எழுந்தது. சட்டமாக்கினால் மாமன்றத்தின் கைக்குப் போய்விடும், ஆண்டுதோறும் விதிகளைத் திருத்தும் உரிமை போய்விடும் என்று சங்கத்தினரும் ஆட்சியினரும் தயங்கினார்கள். அன்றைக்கு அந்தத் தயக்கத்தில் பொருள் இருந்தது. ஆனால் புதிய கோரிக்கை கேட்பதை நிறுத்தும் ஒரு மேயர், பழைய கணக்கை ஒப்புவிப்பதையாவது தொடரக் கட்டுப்பட்டவர் என்று ஒரே ஒரு விதியைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. நிதி இல்லாத ஆண்டில் புதிய வாக்குறுதி தராமலிருப்பது நேர்மையாகக்கூட இருக்கலாம். முடியாத வேலைகளின் பட்டியலை வட்டாரம் வட்டாரமாகச் சென்று படிப்பதற்கு நிதி தேவையில்லை.

வெள்ளத்துக்குப் பின்

கூட்டங்கள் பின்னர் சுருங்கிய வடிவில் திரும்பிவந்தன. 2024 மே மாதத்தில் குவாய்பாவின் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டி, 1941-ஆம் ஆண்டு வெள்ளத்தின் 4.76 மீட்டர் அளவை முறியடித்தது. 1941-க்குப் பின் கட்டப்பட்ட கரைகளும் தடுப்புச் சுவரும் மதகுகளும் நீரேற்று நிலையங்களும் நகருக்கு இருந்தன. மதகுகள் சில நீரைத் தடுக்கவில்லை. பல நீரேற்று நிலையங்கள் நின்றுபோயின. வட பகுதியிலுள்ள சாராண்டி, ஹுமைட்டா முதலிய உழைக்கும் மக்களின் குடியிருப்புகளும் தீவுப் பகுதிகளும் வாரக்கணக்கில் நீரில் நின்றன. வெள்ளத்தின் அளவு முன்பு காணாதது என்பதால் பழியை எளிதாக ஓரிடத்தில் சுமத்த முடியாது. ஆயினும் மதகுகள் இறுக மூடுவதும் நீரேற்று எந்திரங்களின் நிலையும், கூட்டங்களில் ஒப்புவித்த கணக்கில் இடம்பெறத் தவறிய அந்தப் பராமரிப்பு வகையைச் சேர்ந்தவையே.

வெள்ளம் வடிந்தபின் நகரத்தின் முன் எழுந்த கோரிக்கைகள் வட்டார எல்லைக்குள் அடங்குபவை அல்ல. சாராண்டிக்கு நீர் வராமலிருக்க வேண்டுமானால், வேறு இடத்திலுள்ள கரையும் எந்திரமும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே திரும்பிவரும் எந்த முதல் சுற்றிலும், முந்தைய ஆண்டில் போட்ட சாலைகளின் பட்டியலோடு, நகரின் ஒவ்வொரு நீரேற்று நிலையமும் எப்போது சோதிக்கப்பட்டது, எத்தனை எந்திரங்கள் ஓடும் நிலையில் உள்ளன, பழுதுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டு எவ்வளவு செலவானது என்ற விவரமும் அதே புத்தகத்தில், நிலையத்தின் பெயரோடு அச்சாகி, எல்லா வட்டாரங்களிலும் வழங்கப்பட வேண்டும்.